ஒரு கிழமையில் மலரும் எழுத்து



சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒரு கிழமையில் என்ன கற்றுவிடும்? ட, ப, ம என்னும் மூன்றெழுத்தையும் புள்ளியையும் கற்றாற் போதும். படம், மடம், பட்டம், மட்டம் எனத் தானே கூட்டிப் படித்துவிடும். எழுத்தின் பெயரே அதன் ஒலி. சொல்லோ வீட்டிற் கேட்டது. ஆங்கிலத்திலோ ‘சி, ஏ, டி’ என ஒப்பித்தாலும் ‘கேட்’ என்னும் ஒலி பிறவாது. பிறந்தாலும், அது பூனையென எவரேனும் பெயர்த்துச் சொல்லல் வேண்டும்.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளின் கற்றல்நிலைகட்கு அரும்பு, மொட்டு, மலர் எனப் பெயரிட்டது. பெயரில் தமிழ் மணக்கின்றது. ஆயினும், அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகளும் நடக்கின்றன. அரும்பைக் காம்பினின்று கிள்ளிவிட்டு மலரை எதிர்நோக்குவது எங்ஙனம்? பெற்றோரே, பிள்ளைகளைத் தமிழ்வழியிற் சேர்ப்பீர்!