பட்டிக்காரரின் குரல்



ஹங்கேரியின் ஹோர்த்தோபாஜ் சமவெளிக்குப் போகிறவர்கள் தவறாமல் பார்க்கிற வித்தை ஒன்று உண்டு. நீல அங்கி அணிந்த குதிரைக்காரர் இரண்டு குதிரைகளின் முதுகில் காலூன்றி நின்றபடி, முன்னே ஓடும் மூன்றையும் சேர்த்து ஐந்து குதிரைகளை ஓட்டுவார். பரம்பரைக் கலை என்றுதான் நினைப்போம். ஆனால் அது லுட்விக் கோக் என்ற ஆஸ்திரிய ஓவியரின் கற்பனைப் படம். 1950களில்தான் ஒருவர் அதை நிஜமாகச் செய்து காட்டினார். அங்குள்ள மேய்ப்பரின் பழைய திறமை, வயிற்றுவார் இல்லாத சேணத்தில் விழாமல் இருந்து மந்தையைத் திருப்புவது.

நம் திருகோணமலை மாவட்டத்தில் குதிரை மந்தை இல்லை. எருமைப் பட்டி உண்டு. கிண்ணியா, மூதூர், வெருகல் பக்கத்துப் பட்டிக்காரரின் கலையைப் பார்க்க டிக்கெட் வேண்டாம். விடியுமுன் எழும்பினால் போதும்.

இரவு முழுக்கக் கன்றுகள் தனி அடைப்பில் நிற்கும். பட்டிக்காரர் ஓர் எருமையைப் பெயர் சொல்லி அழைப்பார். அத்தனை கறுப்பு முதுகுகளுக்குள்ளிருந்து அது மட்டும் அசைந்து வரும். கன்றை ஊட்டவிட்டு, பால் சுரந்ததும் அதைத் தாயின் முன்னால் கட்டிவிட்டுக் கறக்கக் குந்துவார். அதட்டினாலோ, பழகாத கை பட்டாலோ எருமை பாலை அடக்கிவிடும். ஆகவே அவருடைய முதல் கருவி கயிறல்ல, குரல். கறந்த பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில் உறை ஊற்றி மண்சட்டியில் வைத்தால், சட்டி நீரை உறிஞ்ச, தயிர் இறுகும்.

பட்டிக்காரரின் வாழ்வில் காதல் ஏக்கமும் உண்டு. நம் கிழக்கின் நாட்டார் கவிகளில் மச்சானும் மச்சியும் ஏங்குவதும் ஏசுவதும் வயலையும் வெளியையும் சார்ந்து வருவதுண்டு. வீட்டைவிட்டு வெளியில் கிடக்கும் தொழிலுக்கு அந்த ஏக்கம் இயல்பு.

இந்தக் கலைக்கு நிலம் வேண்டும். பெரும்போகம் விதைத்ததும் பட்டியை வயலைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும். அறுவடைக்குப் பிறகே தாளடிக்குத் திரும்பலாம். இடைப்பட்ட மாதங்களுக்கு மேய்ச்சல் தரை இல்லையென்றால் பட்டி விலைக்குப் போகும். ஹங்கேரியர் ஹோர்த்தோபாஜை 1973இல் தேசியப் பூங்காவாக்கினர். 1999இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அங்கே வித்தை பிறகு வந்தது. புல்வெளி முன்பே இருந்தது.

பட்டிக்காரரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டாம். அவருடைய எருமைகளுக்கு நாலு மாதப் புல்லை விட்டுவைப்போம். குரல் அவரிடமே இருக்கிறது.