வீட்டுக்கு ஒரு கடன் பத்திரம்



கோலார் தங்க வயல் தொழிலாளர்கள் கம்பெனி கட்டிய லைன் வீடுகளில் வாழ்ந்தார்கள். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடப்பட்டது. சம்பளம் நின்றது. வீட்டுக் கவலை வந்தது. ஏழைக்கு வீடு கட்டப் பணம் எங்கிருந்து வரும்?

ஒரு வழி கடன் பத்திரம். அரசு நிறுவனம் பத்திரம் விற்கும். பணம் உள்ளவர்கள் வாங்குவார்கள். குறித்த காலத்தில் வட்டியும் முதலும் அவர்களுக்குத் திரும்பும். 1970ல் தொடங்கிய ஹட்கோ நிறுவனம் இப்படியும் பணம் திரட்டுகிறது. வீட்டு வசதி வாரியங்களுக்குக் கடன் தருகிறது.

வீடு மட்டும் போதுமா? குழாய் வேண்டும். சாக்கடை வேண்டும். சாலை வேண்டும். அது நகரசபையின் வேலை. அதற்கும் பத்திரம் உண்டு. 1997ல் பெங்களூர் மாநகராட்சி 125 கோடி ரூபாய் திரட்டியது. இந்தியாவில் அதுவே முதல்.

சிறிய ஊரை நம்பி யார் பணம் தருவார்கள்? 2002ல் தமிழ்நாட்டில் 13 ஊர்களைச் சேர்த்துப் பத்திரம் வெளியிட்டார்கள். குடிநீர், சாக்கடைப் பணிகளுக்கு 30 கோடி ரூபாய் கிடைத்தது.

பத்திரப் பணம் இனாம் அல்ல, கடன். நகரசபை வாங்கும் கடனை ஊர் வரிப்பணம்தான் அடைக்கும். எனவே வரியை ஒழுங்காகக் கட்டுங்கள். கடன் எவ்வளவு? வட்டி எவ்வளவு? வீடு யாருக்கு? நகரசபையில் கேளுங்கள். கணக்கை நீங்களே படித்துப் பாருங்கள்.