பெயரோடு ஒரு படம்



நம் பெற்றோர் காலத்தில் கேமராவின் முன் நிற்பது அபூர்வம். கல்யாணம் ஒன்று, அடையாளக் கார்டு ஒன்று, அவ்வளவுதான். தோட்டத்து வீடுகள் பலவற்றில் தாத்தாவின் முகத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட வேண்டுமானால் அந்தக் கார்டைத்தான் தேடி எடுக்கவேண்டும். பால் வெட்டிய அவருடைய கையும், அவர் உட்கார்ந்திருந்த திண்ணையும் எந்தப் படத்திலும் இல்லை.

இன்று கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு டிஜிட்டல் கேமரா இருக்கிறது. கருவி வந்துவிட்டது. அதைக் கலையாகக் கையாளத்தான் நாம் பழகவேண்டும். அந்தக் கலையின் அரிச்சுவடியைச் சிங்கப்பூர்த் தேக்கா வட்டாரத்தை வகுப்பறையாக வைத்துக்கொண்டு இன்று பார்ப்போம். ஜொகூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் துணி எடுக்கவும் கோயிலுக்குப் போகவும் பழகிய இடம்தானே அது!

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1844ஆம் ஆண்டில் ஜூல்ஸ் இத்தியே என்ற பிரெஞ்சுக்காரர், இன்று ஃபோர்ட் கேனிங் என்று அழைக்கப்படும் குன்றின் மேலிருந்து சிங்கப்பூர் ஆற்றைப் படம் எடுத்தார். சிங்கப்பூரைக் காட்டும் மிகப் பழைய நிழற்படங்களுள் அதுவும் ஒன்று. பிறகு 1867இல் ஜெர்மனியிலிருந்து வந்த லாம்பர்ட் என்பவர் அங்கே ஒரு நிழற்பட நிலையம் தொடங்கினார். அவருடைய நிறுவனமும் அந்நாளைய மற்ற நிலையங்களும் ஊர்க் காட்சிகளோடு, பல இன மக்களையும் படம் பிடித்து விற்றன. வெளிநாட்டவர் அவற்றை நினைவுப் பொருளாக வாங்கிச் சென்றார்கள். அந்தப் படங்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். ஆனால் படத்தின் அடியில் பெரும்பாலும் இனத்தின் பெயரோ தொழிலின் பெயரோதான் இருக்கும். ஆளின் பெயர் இருக்காது. அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று இன்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

நம்மை நாமே படம் எடுக்கக் கற்றுக்கொள்வது ஏன் முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

டிஜிட்டல் கேமரா எப்படி வேலை செய்கிறது? பழைய கேமராவில் ஒளி ஃபிலிம் சுருளில் பதிந்தது. இதில் ஒளியை உணரும் ஒரு சிறு தகட்டில் விழுகிறது. அந்தத் தகடு பல இலட்சம் புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை எண்ணாக மாற்றிக் கொடுக்கிறது. 1975இல் அமெரிக்காவில் கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த கருவியில் இருந்தவை 10,000 புள்ளிகள். ஒரு கறுப்பு வெள்ளைப் படம் நாடாவில் பதிய 23 வினாடிகள் ஆயின. இன்று சாதாரணக் கைபேசியிலும் ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் உண்டு. ஆனாலும் எதை எடுப்பது, எந்த ஒளியில் எடுப்பது, எப்போது எடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள்தான். கலை அங்கேதான் தொடங்குகிறது.

முதல் பாடம் ஒளி. பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் நம் நாடுகளில் நண்பகல் வெயில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே விழும். அப்போது எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்புக் குழி விழுந்ததுபோல் இருக்கும். காலையிலோ மாலையிலோ சாய்வான வெயில் படும்போது சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சிற்பத்திலும் ஒருபுறம் ஒளி, மறுபுறம் நிழல். அந்த நிழல்தான் உருவத்துக்குத் திரட்சி தருகிறது.

முகத்தைப் படம் எடுக்க வேறோர் ஒளி நல்லது. தேக்கா கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைபாதை இருக்கிறதல்லவா? அதன் ஓரத்தில், நிழலுக்குள், தெருவைப் பார்த்து ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வரும் மென்மையான வெளிச்சம் முகம் முழுவதும் பரவும். இதற்காகச் சிங்கப்பூருக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. நம் லயத்து வீட்டு அஞ்சடியிலும் இதே ஒளி இருக்கிறது. பாட்டியை அங்கே உட்கார வைத்தால் போதும்.

இரண்டாவது பாடம் சட்டம். படத்துக்குள் எது இருக்கவேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்வது. கெர்பாவ் சாலையில் 1900இல் கட்டப்பட்ட டான் டெங் நியா வீடு இருக்கிறது. பல வண்ணம் பூசிய அந்தச் சீனர் வீட்டின் முன் நின்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். வீடு முழுவதையும், ஆளையும், மேலே வானத்தையும் சேர்த்துப் பிடித்தால் ஆள் எறும்பு போலத் தெரிவார். ஒரே ஒரு சன்னலும் அதன் அருகே உங்கள் மகளின் முகமும் போதும். கிட்டே வரவேண்டுமானால் நடந்து போங்கள். திரையை விரலால் விரித்துப் பெரிதாக்கினால் பெரும்பாலான கைபேசிகளில் படத்தின் தெளிவு குறையும். நீளத்திலும் அகலத்திலும் இரண்டிரண்டு கோடுகள் திரையில் தெரியும்படி அமைத்துக்கொண்டு, முகத்தை நட்ட நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளில் ஒன்றின்மேல் வைத்துப் பாருங்கள்.

இன்னும் சில கைப்பழக்கங்கள். எடுக்கும் முன் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் பட்டால் படம் மங்கும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடித்தால் கை நடுங்காது. முகம் தெளிவாக வரத் திரையில் அந்த முகத்தை விரலால் தொடுங்கள். விடியற்காலைப் பிரட்டு நேரத்தைப் போன்ற மங்கல் வெளிச்சத்தில் கருவி ஒளி சேர்க்க அதிக நேரம் எடுக்கும். அப்போது ஒரு மரத்திலோ தூணிலோ சாய்ந்து நின்று எடுப்பது நல்லது.

மூன்றாவது பாடம் காத்திருத்தல். கேம்பல் லேனில் பூக்கட்டுபவரைப் படம் எடுக்க விரும்புகிறீர்களா? முதலில் வணக்கம் சொல்லுங்கள். எடுக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் உடனே எடுத்துவிடாதீர்கள். அவர் கேமராவை மறந்து மீண்டும் நாரில் பூவைச் சேர்க்கும் வரை பொறுங்கள். அந்தக் கைவேகமும் கண்ணின் கவனமும் கூடும் நொடிதான் நல்ல படம்.

நேயர்களே, ஃபிலிம் காலத்தில் ஒரு சுருளில் 36 படங்கள்தான். அதனால் யோசித்து எடுத்தோம். எடுத்ததைப் பத்திரமாக வைத்தோம். இன்று ஒரே நாளில் 300 படம் எடுத்துவிட்டு, கைபேசி பழுதானதும் அத்தனையையும் இழந்து நிற்கிறோம். மாதம் ஒருமுறை உட்கார்ந்து நல்லவற்றை மட்டும் பொறுக்குங்கள். வேறோர் இடத்திலும் பிரதி வையுங்கள். மிக நல்லவற்றைத் தாளில் அச்சிட்டு, பின்புறம் மெல்லிய பென்சிலால் யார், எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதுங்கள்.

தோட்டங்கள் பல விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிந்த பிறகு பிள்ளைகளுக்குக் காட்ட என்ன இருக்கும்? கல்வாய் ஓரத்துக் கோயில், பால் கொட்டகை, பள்ளிக்கூட மணி, செம்பனைக் குலை அறுக்கும் அண்ணன், வேலை முடிந்து வரும் அம்மா: இவர்களை நம்மைவிட நன்றாகப் பார்க்கக்கூடியவர் யார்? இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டில் வயதில் மூத்தவரை அஞ்சடியில் உட்கார வையுங்கள். அவரிடம் பழைய கதை கேட்டுக்கொண்டே ஒரு படம் எடுங்கள். பின்னால் மறக்காமல் அவருடைய முழுப் பெயரையும் எழுதுங்கள்.