கணக்கும் கரிசனையும்

(எம்பிலிப்பிட்டியவில் நடைபெற்ற சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் மிஷன் பாடசாலையில் பயின்ற நாட்களில், காலை மணி அடித்ததும் ஆசிரியர் இடாப்பை விரித்துப் பெயர் அழைப்பார். பதில் வராவிட்டால் தலை நிமிர்ந்து, "ஏன் வரவில்லை? அவன் வீட்டுப் பக்கம் போகிறவர் யார்?" என்று கேட்பார். இடாப்பின் பயன் முழுவதும் அந்தக் கேள்வியிலேதான் அடங்கியிருந்தது.

இன்று வகுப்பறை கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்டது. 2020 மார்ச்சில் கொரோனா நோயினால் எமது பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது, பாடங்கள் இணையவழிக்கு மாறின. பல்கலைக்கழகத் தளங்களை மாணவர் டேட்டாக் கட்டணமின்றிப் பார்க்கவும் வசதி செய்யப்பட்டது. நோய் தணிந்த பின்னும் அப்பழக்கம் நின்றுவிடவில்லை. பாடக் குறிப்பும் ஒப்படையும் இன்று கற்றல் முகாமைத்துவத் தொகுதி என்னும் ஓரிடத்தில் வைக்கப்படுகின்றன. இவ்வகை மென்பொருள்களுள் பெயர்பெற்றது மூடில். அதனை 2002 இல் வெளியிட்ட மார்ட்டின் டூகியாமஸ், சிறுவயதில் அவுஸ்திரேலியப் பாலைநிலத்தில் வானொலி வழியே பாடங் கேட்டவர். தூரத்து மாணவனின் துன்பத்தை அறிந்தவர் செய்த கருவி அது.

இத்தொகுதியும் ஓர் இடாப்பு வைத்திருக்கிறது. மாணவன் எப்போது உள்ளே வந்தான், எந்தப் பாடத்தைத் திறந்தான், ஒப்படையை எந்நாளில் ஒப்புவித்தான் என்பன யாவும் அதிற் பதிவாகின்றன. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் இத்தகைய தரவைக் கொண்டு மாணவருக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குக் காட்டியது. படிப்பைக் கைவிடக்கூடியவரை முன்கூட்டியே சுட்டும் வசதி 2017 இல் மூடிலிலும் சேர்ந்தது. பரீட்சையில் தவறிய பின் வருந்துவதிலும், மூன்றாம் வாரத்திலேயே அறிந்து உதவுவது நன்றன்றோ?

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தோட்டத்துப் பெரியோர்களுக்குச் செக்ரோல் தெரியும். கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர் விழும். மலையில் கொழுந்து இல்லையா, விடாத மழையா, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலா என்பதைச் செக்ரோல் எழுதுவதில்லை. கணினித் தரவும் அப்படிப்பட்டதே.

எமது நண்பர் ஒருவர் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் வாழ்பவர். மூன்று வாரமாக அவர் பாடத்தைத் திறக்கவில்லை என்று தொகுதி காட்டியது. "அக்கறையற்றவர்" என்று அவரைப் பற்றிப் பேச்சும் எழுந்தது. உண்மை யாது? மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் கைத்தொலைபேசி ஒன்றே. லயத்துக்குள் சிக்னல் கிடையாது. கூட்டாளி பதிவிறக்கிக் கொடுத்த குறிப்புகளை அவர் இரவெல்லாம் படித்துக்கொண்டிருந்தார்! விரிவுரையாளர் ஒருவர் அழைத்துப் பத்து நிமிடம் பேசினார். ஒப்படைக்குத் தவணை கொடுத்தார். நண்பர் சித்தியடைந்தார். ஆளைக் காட்டியது தரவு. ஆளைக் காப்பாற்றியது கேள்வி.

இவர் ஒருவர் கதை மட்டுமன்று. 2021 இல் பொகித்தியாவ கிராமத்து மாணவர்கள் சிக்னல் தேடிக் காடு கடந்து குன்றேறியதை உலகமே அறிந்தது.

மாணவரின் தரவு மாணவருக்கு உரியது என்பதையும் மறத்தலாகாது. எது பதிவாகிறது, யார் பார்க்கிறார் என்பதை அவர் அறிதல் வேண்டும். பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 2014 இல் இதற்கென ஒழுக்கக் கொள்கை வகுத்தது. எமது நாட்டிலும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் நிறைவேறியது. உதவிக்கென எடுத்த கணக்கு, தண்டனைக்குரிய கணக்காக மாறுதல் கூடாது.

வாலிப நண்பர்களே! நாம் செய்யக்கூடியது என்ன? பல்கலைக்கழகம் புகுந்த ஒவ்வொருவரும் இளையவர் மூவரைப் பொறுப்பேற்போம். வாரம் ஒருமுறை அழைத்து, "பாடம் திறந்ததா? ஒப்படை போயிற்றா?" என்று கேட்போம். சங்க மண்டபத்தில் இணைய இணைப்பு ஒன்று அமைத்து, மாலை வேளைகளில் மாணவருக்குத் திறந்துவிடுவோம்.

பெரியோர்களே! இரவு பத்து மணிக்கு மகள் கைத்தொலைபேசியும் கையுமாக இருந்தால், ஏசுவதற்கு முன், "என்ன பாடம், பிள்ளை?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்று எம் ஆசிரியர் இடாப்பிலிருந்து தலை நிமிர்ந்து கேட்டதும் அந்த ஒரு வார்த்தையைத்தான்.