தோலும் சுருதியும்



கச்சேரி தொடங்குமுன் மிருதங்க வித்துவான் ஒரு கல்லையும் சிறு மரக்கட்டையையும் கையில் எடுத்து, வாத்தியத்தின் விளிம்பைச் சுற்றித் தட்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சபையோரிற் பலர் அந்த நேரத்தைத் தங்கள் உரையாடலுக்கு உரியதாகக் கொள்கின்றனர். உண்மையில் அப்போது நடைபெறுவது மிக நுட்பமான வேலை. அதிரும் தோலைச் சுருதிக்கு இணங்கச் செய்யும் அவ்வேலையைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

மிருதங்கத்தின் உடல் பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுவது. வலந்தலையில் வட்டமான முழுத்தோலும், அதன் விளிம்பை ஒட்டி வளையமாக நறுக்கிய தோலும் அடுக்கப்பட்டு, தோற்பின்னலால் இறுக்கப்படுகின்றன. பின்னலில் உள்ள 16 கண்களின் வழியே ஓடும் எருமைத்தோல் வார் அதனை இடந்தலையோடு பிணைக்கிறது. பின்னலை மேலிருந்து கீழ்நோக்கித் தட்டினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். கீழிருந்து மேல்நோக்கித் தட்டினால் தளர்ந்து இறங்கும்.

இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஒரு கண்ணில் சுருதி ஏறியும் எதிர்க்கண்ணில் இறங்கியும் நின்றால் நாதம் பிளவுபட்டு ஒலிக்கும். ஆகவே வட்டம் முழுவதையும் சுற்றிச் சுற்றி ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பருவநிலையும் குறுக்கிடும். காற்றில் ஈரம் மிகுந்தால் தோல் தளரும், வறண்டால் இறுகும். வெள்ளாற்றங்கரையிலுள்ள எங்கள் திட்டக்குடியில் மார்கழி வைகறைப் பஜனைக்கு எடுத்துச் செல்லும் மிருதங்கம், முந்திய நண்பகலிற் கூட்டிய சுருதியில் நிற்பதில்லை.

வலந்தலையின் நடுவே கறுப்பு வட்டம் ஒன்று உண்டு. அதற்குக் கரணை என்று பெயர். சோறு என்றும் வழங்குவர். இரும்புச்சத்து மிக்க கல்லின் பொடியையும் வெந்த சோற்றையும் பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை இட்டு, ஒவ்வொரு முறையும் கல்லால் தேய்த்து அதனை அமைப்பர். எதற்காக இத்தனை பாடு? வெறும் வட்டத்தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் அடிச்சுரத்தோடு ஒழுங்கான விகிதத்தில் அமைவதில்லை. ஆதலின் ஓசை பிறக்குமேயன்றித் தெளிவான சுரம் பிறவாது. கரணையின் பளு அந்த மேற்சுரங்களை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற விகிதத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன், சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து 1920-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் இதனை உலகுக்கு அறிவித்தார். 1934-இல் தோலின்மேல் மணல் தூவி, அதிராத இடங்களில் அம்மணல் ஒதுங்கும் கோலங்களையும் படம் பிடித்துக் காட்டினார். விஞ்ஞானி விளக்கும் முன்னரே, ஏடு காணாத கைவினைஞர் அதைச் செய்து முடித்திருந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. முழுத்தோலுக்கும் வளையத்தோலுக்கும் இடையே சிறு குச்சித் துண்டுகளையோ, கப்பி என்னும் பொடிக்கற்களையோ செருகுவர். குச்சி மிருதங்கம், கப்பி மிருதங்கம் என்ற பெயர்கள் இதனால் வந்தவை. அத்துண்டுகள் தரும் மெல்லிய ரீங்காரமே நாதத்துக்கு உயிரூட்டுகிறது. சீன தேசத்து மூங்கிற்குழலிலும் இத்தகைய உபாயம் உண்டு. ஊதும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் இடையே தனித்துளை ஒன்றிட்டு, நாணல் தண்டின் உட்சவ்வை அதன்மேல் ஒட்டுவர். சவ்வை இழுத்து இறுக்கினால் ரீங்காரம் மறைந்துவிடும். தளரவிட்டால் சுரம் சிதறிக் கரகரக்கும். நுண்ணிய சுருக்கங்கள் விழுமாறு, இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் அதனை ஒட்டுவதே குழலோனின் திறமை. அங்கே நாணற்சவ்வு, இங்கே குச்சியும் கல்லும். நாடும் நெறியும் வேறாயினும், இரண்டுக்கும் நீதிபதி செவி ஒன்றே. இக்காலத்தில் திருகாணியால் இறுக்கும் மிருதங்கங்களும் வந்துள்ளன. எனினும் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதைத் திருகாணி சொல்லாது. எங்கள் பக்கத்து விருத்தாசலத்திற் பீங்கான் செய்வோர் வெந்த சாடியை விரலால் தட்டி, உள்ளே கீறல் உண்டா என்று ஓசையால் அறிகின்றனர். அதுவும் இதே செவியின் பயிற்சிதான்.

இத்தகைய செவியும் கையும் உடையவர்களை நாம் எப்படி நடத்தினோம்? தோலைத் தொட்டுப் பதப்படுத்தியவர்களைச் சமூகம் தாழ்த்தி வைத்தது. அவர்கள் செய்த வாத்தியத்தையோ மேடையில் ஏற்றிப் போற்றியது. பாலக்காடு மணி ஐயரின் வாத்தியங்களைத் தஞ்சாவூரில் அமைத்துத் தந்த பர்லாந்து போன்றோரின் பெயரை நெடுங்காலம் இரசிகர்கள் அறியார். டி. எம். கிருஷ்ணா அக்கைவினைஞர் குடும்பங்களைப் பற்றி 2020-இல் ஒரு நூல் எழுதினார். அதன் பின்னரே பலருக்கு அப்பெயர்கள் தெரியவந்தன.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், தன் தந்தையின் தொழிலைச் சொல்லக் கூசிய மாணவன் ஒருவன் எட்டாம் வகுப்பில் இருந்தான். தந்தை பறை, தவில், மிருதங்கம் ஆகியவற்றுக்குத் தோல் கட்டுபவர். ஒலியியல் பாடம் வந்தபோது அவரையே வகுப்புக்கு வருமாறு அழைத்தேன். அவர் ஒரு மிருதங்கத்தை மடியிற் கிடத்தி, ஒவ்வொரு கண்ணாகத் தட்டிச் சுருதி சேர்த்தார். பிள்ளைகள் கண்களை மூடிக்கொண்டு, எது ஏறியது, எது இறங்கியது என்று சொன்னார்கள். இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும் என்ற விதியை அன்று நான் கரும்பலகையில் எழுத வேண்டிய அவசியமே நேரவில்லை. மறுநாள் அந்த மாணவன் முதல் வரிசையில் வந்து அமர்ந்தான்.

ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் ஊரில் தோல் கட்டுபவர் ஒருவர் இருந்தால், ஒலியியல் பாடத்தை அவர் முன்னிலையில் தொடங்குங்கள். இரசிகப் பெருமக்களுக்கும் ஒன்று கூறுவேன். அடுத்த கச்சேரியில் அந்தக் கல்லோசை கேட்கும்போது சற்றே பேச்சை நிறுத்துங்கள். வித்துவானின் பெயரை அறிந்த நீங்கள், அம்மிருதங்கத்தைக் கட்டியவரின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.