தண்டுவடத்தையும் பாருங்கள்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஹாஸ்டல் கதைகளை எல்லாம் நண்பர்கள் பேசித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது நான் செய்த ஒரு தவறுதான். மாணவர்களுக்குப் பயன்படுமே என்று அதைச் சொல்கிறேன்.

2006-இல் ரேடியாலஜியில் நான் புதிது. ஓர் இளம் பள்ளி ஆசிரியை எம்.ஆர்.ஐ. எடுக்க வந்தார். "கழுத்தைக் குனிஞ்சா முதுகுல கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு டாக்டர்" என்றார். சீட்டில் 'மூளை' என்று மட்டும் எழுதியிருந்தது. மூளையை மட்டும் எடுத்தேன். ஒன்றிரண்டு சிறு வெள்ளைப் புள்ளிகள். 'தீர்மானமாகச் சொல்ல இயலாது' என்று எழுதி அனுப்பிவிட்டேன். எல்லாம் மனக்கவலைதான் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அன்றுதான் கழுத்துத் தண்டுவடத்தைப் படமெடுத்தோம். பளிச்சென்று இரண்டு திட்டுகள். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்!

யோசித்துப் பாருங்கள். முதல் நாளே அவர் விடையைச் சொல்லிட்டார்; நான்தான் காதில் வாங்கவில்லை. அந்த 'கரண்ட்' அடிப்பதற்கு லெர்மிட் குறி என்று பெயர். மையலின் உறை இழந்த நரம்பிழைகள் கழுத்து குனியும்போது இழுபட்டுத் தூண்டப்படுகின்றன. கழுத்துத் தண்டுவடத்தைப் பார் என்று உடம்பே கை காட்டுகிறது.

1868-இல் பாரிஸில் ஷார்கோ விவரித்த நோய் இது. 1981-இல் லண்டனில் எம்.ஆர்.ஐ. இதன் திட்டுகளை மூளையில் காட்டியது. தண்டுவடம் அவ்வளவு எளிதல்ல. விரல் பருமன்தான் இருக்கும். சுற்றிலும் இதயத் துடிப்பு, மூச்சு, விழுங்குதல், தண்டுவட நீரின் ஓட்டம். படம் கலங்கிவிடும். அதனால் ஒரே வரிசைப் படத்தை நம்பாதீர்கள். டி2-வில் தெரிந்ததை ஸ்டிர் வரிசையிலும், நெடுக்கில் தெரிந்ததைக் குறுக்குவெட்டிலும் சரிபாருங்கள்.

இந்நோயின் திட்டு பெரும்பாலும் இரண்டு முள்ளெலும்பு உயரத்துக்குள் அடங்கும். குறுக்குவெட்டில் பாதிக்கும் குறைவாக, பக்கவாட்டிலோ பின்புறமோ ஓரத்தை ஒட்டி இருக்கும். மூன்று முள்ளெலும்புக்கு மேல் நீண்டால் நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகாவை நினையுங்கள். அதற்கான ஆன்டிபாடி 2004-இல் கண்டறியப்பட்டது. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸுக்குத் தரும் சில மருந்துகள் அந்த நோயை மோசமாக்கிவிடும். ஆகவே குழப்பிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. வயதானாலும் இரத்த அழுத்தம் இருந்தாலும் மூளையில் வெள்ளைப் புள்ளிகள் வரலாம். தண்டுவடத்தில் அப்படி வருவது அபூர்வம். அதனால்தான் அங்கே தெரியும் ஒரு சிறு திட்டுக்கும் அத்தனை மதிப்பு. 2017-இல் திருத்திய மெக்டொனால்ட் விதிகள் திட்டு தேடச் சொன்ன நான்கு இடங்களில் தண்டுவடமும் ஒன்று.

அந்த ஆசிரியை இன்றும் பள்ளிக்குப் போகிறார், மருந்து தொடர்கிறது. இடது கால் மட்டும் சற்று இழுக்கிறது. அந்த எட்டு மாதத்தில் எவ்வளவை மிச்சம் பிடித்திருக்கலாம் என்று என்னால் கணக்குச் சொல்ல முடியாது. சந்தேகம் வந்திருந்தால் கேட்ட டாக்டருக்கு ஒரு போன் செய்து, இன்னும் சில நிமிடம் கழுத்தையும் எடுத்திருக்கலாம்.

மாணவர்களே, சீட்டைப் படியுங்கள். அதற்கு முன்னால் நோயாளி சொல்வதைக் கேளுங்கள்.