பழைய துவக்கும் புதிய துவக்கும்

இலக்கிய நிகழ்ச்சியில் துவக்குக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். நமது மலைநாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த பழைய நூல்களில் பெயர் பெற்ற ஒன்று வேட்டை நூலாகவே இருக்கிறது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் எழுதிய 'இலங்கையில் ரைபிளும் வேட்டை நாயும்' என்பதே அது.

பேக்கர் தமது துவக்குகளைப் பற்றி அதில் விரிவாகச் சொல்கிறார். ஒன்றின் எடை 21 இறாத்தல். அதன் குண்டு 4 அவுன்ஸ். குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்த காலம் அது. ஒரு வெடி தீர்ந்தால் புகை கண்ணை மறைக்கும். மீண்டும் கெட்டிக்க நேரமிராது. ஆகவே, கெட்டித்த துவக்குகளுடன் ஆட்கள் பின்னால் நிற்பார்கள். நூலில் வேட்டைக்காரர் தனி வீரராகத் தெரிந்தாலும், அது பலர் தோளில் சுமந்த வீரம். அடர்ந்த நுவரெலியாக் காட்டிலோ துவக்குக்கு அதிக வேலையில்லை. அங்கே பேக்கர் மரையை நாய்களைக் கொண்டு மடக்கி, கத்தியால்தான் முடித்தார்.

அதற்காகப் பழைய துவக்கை அப்பாவி என்று சொல்லிவிட முடியாது. 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படும் மேஜர் ரொஜர்ஸின் கையிலும் அத்தகைய துவக்கே இருந்தது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட அவரது கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது.

பின்னர் வந்தது போல்ட் ரைபிள். கதவுத் தாழ்ப்பாளைப் போலப் பிடியை உயர்த்தி இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே விழும். முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். 1898இல் ஜெர்மனியில் உருவான மவுசர் ரைபிளின் ரவைக்கூடு ஐந்து தோட்டாக்களைக் கொள்ளும். அகன்ற கொக்கியொன்று தோட்டாவை ஆரம்பத்திலேயே பற்றிக்கொள்வதால், அவசரத்திலும் அது இடையில் சிக்குவது அரிது. புகையற்ற மருந்தும் வந்துவிட்டதால், பின்னால் நின்ற ஆட்கள் தேவையற்றுப் போனார்கள்.

1936இல் அமெரிக்காவில் வந்த வின்செஸ்டர் 70 ரைபிளும் இதே கொக்கி முறையைக் கொண்டிருந்தது. செலவைக் குறைக்க 1964இல் அதைக் கைவிட்டார்கள். 1990களில் திரும்பவும் கொண்டுவந்தார்கள். பழைய வேலைப்பாட்டுக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. எனினும் புதியதற்கும் சிறப்பு உண்டு. நம்முடையதைப் போன்ற மழைமலைகளில் வாதுமை மரக்கட்டை ஈரத்தில் ஊதி, குறியைப் பிசகச் செய்யும். செயற்கை இழைக் கட்டைக்கும் துருப்பிடிக்காத உருக்குக்கும் அந்தக் கவலை இல்லை. தொலைநோக்கி பூட்டினால் முந்நூறு யார் தூரமும் கைக்கெட்டியதாகிவிடும்.

எது சிறந்தது? நம்பகத்தில் பழையது, மழைக்கும் தூரத்துக்கும் புதியது என்பேன். ஆனால் அத்துடன் கணக்கு முடியவில்லை. துவக்கு திருந்தத் திருந்த, வேட்டைக்காரனுக்கும் விலங்குக்கும் இடையிலிருந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. அந்த நீட்சியின் கடைசியில் கட்டுத்துவக்கும் கம்பிச் சுருக்கும் இருக்கின்றன. அங்கே சுடுபவனே இல்லை. பார்க்கும் கண்ணும் இல்லை.

லயத்து மரக்கறிப் பாத்தியைக் காட்டுப்பன்றி ஒரே இரவில் கிண்டிவிடும் வேதனை உண்மையானது. அதற்காகத்தான் பலர் சுருக்கு வைக்கிறார்கள். ஆனால் சுருக்கு பன்றியையும் சிறுத்தையையும் பிரித்தறியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கம்பிச் சுருக்கில் சிக்கிய அபூர்வமான கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்துபோனது.

1937ஆம் ஆண்டின் வனவிலங்குக் கட்டளைச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1988இல் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவானது. அங்கே யானை இன்று இல்லை. மரைகள் மட்டும் பயமின்றி மேய்கின்றன. துவக்கேந்திய மனிதன் விசையை இழுக்குமுன் ஒரு கணம் நிதானிக்கலாம், சுடாமலும் திரும்பலாம். பழையதோ புதியதோ, ரைபிளிடம் அந்த ஒரு கணமாவது உண்டு. கம்பியிடம் அது இல்லை. பாத்தியைக் காக்க வேறு வழி தேடும் பொறுப்பு தோட்ட நிர்வாகங்களுக்கும் அரசுக்கும் நமக்கும் சேர்ந்தே உண்டு.